அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, சுவிஸ் டூருக்கு எந்த டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கறது?

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வர்ற மே மாசம் ஈரோட்ல இருந்து குடும்பத்தோட சுவிட்சர்லாந்து போலாம்னு இருக்கோம். மொத்தம் 13 நாள், அதுல 8 நாள் சுவிஸ், சூரிச், லூசெர்ன், இன்டர்லாகன் இப்படி, அப்புறம் 3 நாள் பாரிஸ், திரும்பறப்ப துபாய்ல பெரியப்பா பையன் வீட்ல 2 நாள். நான், வீட்டுக்காரம்மா, 7 வயசு பாப்பா, அப்பா 67, அம்மா 62.

அப்பா கவர்மென்ட் ஸ்கூல்ல சோசியல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஆல்ப்ஸ் மலையை முப்பது வருஷமா போர்டுல வரைஞ்சு காட்டினவரு, ஒருக்கா நேர்ல பாக்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை, வாய விட்டு கேக்க மாட்டாரு, நாங்களாத்தான் முடிவு பண்ணி டிக்கெட் போட்டோம். 2021-ல அவருக்கு இதய ரத்தக்குழாய்ல ஒரு ஸ்டென்ட் வச்சாங்க, பிபி, சுகர் மாத்திரை போடறாரு, மத்தபடி காலைல ஒரு மணி நேரம் வாக்கிங் போற ஆளு, இப்ப ஒரு தொந்தரவும் இல்லீங்க.

விசாவுக்கு இன்சூரன்ஸ் வேணுமில்லீங்களா, டிக்கெட் போட்ட ஏஜென்ட் கிட்டயே கேட்டேன். அஞ்சு பேருக்கும் சேத்து 5,200 ரூபா, 50,000 டாலர் கவர், ஷெங்கன் (ஒரே விசால சுத்தற யூரோப் நாடுங்க) ப்ளான், லெட்டர் உடனே மெயில்ல வந்துரும்னாரு. அப்பாவோட ஸ்டென்ட் பத்தி சொன்னதும், அதையெல்லாம் ஃபார்ம்ல போடாதீங்க சார், ப்ரீமியம் ஏறிரும், விசா ஆபீஸ்ல லெட்டர மட்டும்தான் பாப்பாங்க அப்படின்னுட்டாரு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்த லெட்டர வச்சு நான் என்ன பண்றது? அப்பாகிட்ட சொன்னா, எனக்கெதுக்குடா தனியா செலவு, போட்டது போட்டபடி நல்லாத்தான் இருக்குங்கறாரு.

10,000 வரைக்கும் செலவு பண்ண முடியும், அதுக்கு மேல போனா கொஞ்சம் கஷ்டம். யாராவது அப்பா அம்மாவ கூட்டிட்டு போயிருந்தீங்கன்னா எந்த ப்ளான், எத பாத்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க.

ஊர்சுத்தி:

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. நான் இது வரைக்கும் நாலு தடவை யூரோப் போயிருக்கேன், எப்பவுமே இருக்கறதுல குறைஞ்ச ப்ளான்தான். விசாவுக்கு 30,000 யூரோ கவர் இருக்கணும், ஷெங்கன் நாடு 29-லயும் செல்லுபடியாகணும், போற தேதில இருந்து வர்ற தேதி வரைக்கும் இருக்கணும், அவ்ளோதான் கேக்கறாங்க. கம்பேர் பண்ற சைட்ல போட்டு பாருங்க, ஏஜென்ட்ட விட கம்மியாவே கிடைக்கும். எனக்கு ஒரு தடவை கூட கிளெய்ம் பண்ற நிலைமை வரல.

கிளெய்ம்டெஸ்க்:

தம்பி, ஸ்டென்ட்ட மறைக்கவே மறைக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல இது.

நான் 14 வருஷமா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில கிளெய்ம் பாக்கற வேலைல இருக்கேன். வெளிநாட்டுல ஒருத்தர நெஞ்சுவலின்னு சேத்தா அங்க டாக்டர் முதல் பக்கத்துலயே பழைய கதை முழுக்க எழுதிடுவார், எந்த வருஷம் ஸ்டென்ட், எந்த ரத்தக்குழாய்ல, என்ன மாத்திரைன்னு. அந்த பேப்பர்தான் எங்க டேபிளுக்கு முதல்ல வரும். அத நீங்க குடுத்த ப்ரொபோசல் ஃபார்ம் பக்கத்துல வச்சு பாப்போம். அதுல இதய நோய் உண்டாங்கற கேள்விக்கு இல்லைன்னு டிக் போட்டிருந்தா அந்த ஃபைல்ல அதுக்கு மேல நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. டிக் போட சொன்ன ஏஜென்ட் அன்னைக்கு எங்கயும் இருக்க மாட்டார், கையெழுத்து உங்களுது. நான் இப்படி திருப்பி அனுப்பின ஃபைல்கள்ல சிலது இன்னும் மனசுல இருக்கு, அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

ஊர்சுத்தி தம்பி சொன்னது விசாவுக்கு சரி. விசா ஆபீசர் பாக்கறது 30,000 யூரோ, அவசர சிகிச்சை, ஊருக்கு திருப்பி அனுப்பற செலவு, தேதி, இவ்வளவுதான். உங்க அப்பாவுக்கு ஏற்கனவே இருக்கற நோய்க்கு கவர் உண்டா இல்லையான்னு அவர் பாக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்ல. அத நீங்கதான் பாக்கணும்.

சாதாரண ப்ளான் பெரும்பாலானதுல முன்னாடியே இருக்கற நோய்க்கு கவர் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருப்பாங்க. கொஞ்சம் நல்ல ப்ளான்ல உயிருக்கு ஆபத்தான நிலைமைன்னா மட்டும் குடுப்போம்னு இருக்கும், ஆனா அதுக்கு தனியா ஒரு உச்சவரம்பு வச்சிருப்பாங்க, அதனால முன் பக்கத்துல 50,000 டாலர்னு பாத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, முன்னாடியே இருக்கற நோய்க்கு எத்தனை டாலர்னு அந்த ஒரு நம்பர கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு சப் லிமிட். 60 வயசுக்கு மேலன்னா நிறைய ப்ளான்ல ரூமுக்கு நாளைக்கு இவ்வளவு, ஐசியுவுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு உள்ள ஒரு டேபிள் இருக்கும். ஒரு கணக்குக்கு ஐசியு லிமிட் நாளைக்கு 2,000 டாலர்னு வச்சுக்கங்க, ஆஸ்பத்திரி 5,000 போடுது, மூணு நாள் இருந்தா 9,000 டாலர் உங்க கைல இருந்து போகுது, மொத்த பில் 50,000 பக்கமே வரலைன்னாலும் சரி. சப் லிமிட் இல்லாத ப்ளான் பெரியவங்களுக்கும் இருக்கு, கொஞ்சம் காசு கூட ஆகும், என்னை கேட்டா கவர் தொகைய 50,000-ல இருந்து 1,00,000 ஆக்கறதுக்கு முன்னாடி இதுக்கு செலவு பண்ணுங்க.

கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், காரணம் ஒரே கம்பெனியிலயே மூணு ப்ளான் மூணு மாதிரி இருக்கும். பாலிசி வேர்டிங்னு ஒரு பிடிஎஃப் எல்லா கம்பெனி சைட்லயும் கிடைக்கும், விளம்பர பேப்பர் இல்ல, அந்த பிடிஎஃப். நாப்பது பக்கம் இருக்கும், முழுசா படிக்க வேண்டாம், எக்ஸ்க்ளூஷன்ங்கற (எதுக்கெல்லாம் பணம் கிடையாதுங்கற) தலைப்பையும் அந்த டேபிளையும் மட்டும் படிங்க. போறதுக்கு முன்னாடி இதய டாக்டர்கிட்ட பயணம் பண்ணலாம்னு ஒரு லெட்டர் வாங்கி வச்சுக்கங்க, டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் போனாரான்னு பின்னாடி ஒரு கேள்வி வரும், அதுக்கு அந்த லெட்டர்தான் பதில்.

தஞ்சை_அகிலா:

நாங்க போன வருஷம் அம்மாவை கூட்டிட்டு பாரிஸ் போனோம், எங்களுக்கு நடந்தத சொல்றேன், உங்களுக்கு உதவும்.

மூணாவது நாள் சாயங்காலம் மெட்ரோ படில இறங்கும்போது அம்மா கால் தடுக்கி விழுந்துட்டாங்க. வலது கை மணிக்கட்டு. அப்படியே படிலயே உக்காந்துட்டாங்க, பாத்துக்கிட்டு இருக்கும்போதே கை வீங்கி வளையல் சதைக்குள்ள அமுங்குது, கழட்டவும் முடியல. நான் பதட்டத்துல போன எடுத்தா பாலிசி மெயில்ல இருக்கு, போன்ல டேட்டா இல்ல. பக்கத்துல ஒரு ரொட்டிக் கடைல போய் வைஃபை கேட்டு வாங்கி, மெயில தேடி, அட்டாச்மென்ட்ட திறந்து, அவசர நம்பர் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிடுச்சு. அந்த அரை மணி நேரமும் அம்மா அந்த குளிர்ல படில உக்காந்திருந்தாங்க. இத நெனச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல. நீங்க அந்த நம்பர பேப்பர்ல எழுதி ஆளுக்கு ஒண்ணு பாக்கெட்ல வைங்க.

ஆஸ்பத்திரியில வளையல வெட்டித்தான் எடுத்தாங்க. எலும்பு முறிவுதான், ஆபரேஷன் தேவைப்படல, மாவுக்கட்டு போட்டாங்க. அட்மிட் ஆகலைன்னா கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்கு கட்டறது) கிடையாது, நீங்க கட்டிட்டு ஊருக்கு வந்து கிளெய்ம் பண்ணுங்கன்னு போன்ல சொல்லிட்டாங்க. கார்டுல கட்டினோம். எங்ககிட்ட ரெண்டு கார்டு இருந்ததால தப்பிச்சோம், அதனால எவ்ளோ நல்ல பாலிசி எடுத்தாலும் கைல கொஞ்சம் லிமிட் இருக்கற கார்டு ஒண்ணு கட்டாயம் இருக்கணும்.

ஊருக்கு வந்ததுக்கு அப்புறம்தான் பெரிய அலைச்சல். டாக்டர் குடுத்த பேப்பர் எல்லாம் பிரெஞ்சு மொழில, அத இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து குடுன்னு கேட்டாங்க. பணம் கட்டின ரசீது, எக்ஸ்ரே, மருந்து சீட்டு, பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் அடிச்ச பக்கம், போர்டிங் பாஸ் எல்லாம் கேட்டாங்க. போர்டிங் பாஸ நான் ஏர்போர்ட்லயே குப்பைல போட்டுட்டேன், அப்புறம் ஏர்லைன்ஸ்க்கு மெயில் போட்டு பயணம் பண்ணதுக்கு சர்டிபிகேட் வாங்கினேன். நாலு மாசம் ஆச்சு. 100 டாலர் டிடக்டிபிள்னு, அதாவது நம்ம பங்குன்னு, பிடிச்சுட்டுதான் மீதிய குடுத்தாங்க, டாக்சிக்கு குடுத்தது கிடைக்கல. ஆனா அம்மாவுக்கு பிபி இருக்குன்னு முன்னாடியே ஃபார்ம்ல எழுதியிருந்தேன், அதனால அந்த விஷயத்துல ஒரு கேள்வி கூட வரல.

சூரிச்_தமிழன்:

வணக்கம். நான் சூரிச்சுக்குப் பக்கத்தில 22 வருசமா இருக்கிறன். ஊரில இருந்து வாற சொந்தக்காரருக்கு நான் சொல்லுறதைத்தான் உங்களுக்கும் சொல்லுறன்.

இஞ்ச அம்புலன்சுக்கு 144 அடிக்க வேணும், உடன வருவாங்கள், ஆனா அது இலவசம் இல்லை. நீங்கள் ஊருக்குப் போன பிறகும் பில் தபாலில வரும். ஒருக்கா ஏத்திக்கொண்டு போனாலே ஆயிரம் பிராங் வரைக்கும் வாறது இஞ்ச சாதாரணம். மலையில ஏதும் நடந்தால் றேகா எண்ட மீட்பு ஹெலிகொப்டர், அதின்ர நம்பர் 1414, அது இன்னும் கூட. அதால பாலிசியில அவசர இடமாற்றச் செலவுக்கு எவ்வளவு எண்டு கட்டாயம் பாருங்கோ. காசுக்குப் பயந்து 144 அடிக்காமல் இருக்கிறதை மட்டும் செய்து போடாதேங்கோ, இதயம் எண்டால் நிமிசக் கணக்கு.

மற்றது, உங்கட அப்பாவை யுங்பிராவ்யொக் எண்ட பனிமலை ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் முதல்ல டொக்டரைக் கேளுங்கோ. அது 3,454 மீற்றர் உயரம். இன்டர்லாகன் 570 மீற்றரில இருக்கு, காலமை வெளிக்கிட்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அந்த உயரத்துக்கு ஏத்திப் போடுவாங்கள், உடம்பு பழகிறதுக்கு நேரமே இல்லை. மேல கடல்மட்டத்தில இருக்கிற ஒட்சிசனில மூண்டில ரெண்டு பங்குதான் கிடைக்கும். நல்ல சுகதேகியாக இருக்கிற ஆக்களே படி ஏறேக்க மூச்சு வாங்கி நிண்டதை என்ர கண்ணால கண்டிருக்கிறன். டிட்லிஸ் மலையும் 3,000 மீற்றருக்கு மேலதான்.

அவருக்கு ஆல்ப்ஸ் பாக்க வேணும் எண்டதுதானே ஆசை, லூசெர்னில இருந்து கப்பலில விட்ஸ்னாவ் போய் அங்கயிருந்து ரீகி மலைக்குப் பல்சக்கர ரயில் ஏறுங்கோ. 1871-ல ஓடத் தொடங்கின ரயில், ஐரோப்பாவிலயே முதல் மலை ரயில், வாத்தியார் எண்டால் அதைக் கட்டாயம் விரும்புவார். மேல 1,798 மீற்றர்தான், ஆனா வானம் வெளிச்சிருந்தால் பனி மூடின சிகரம் முழுக்க வரிசையாத் தெரியும். என்ர அம்மாவை 74 வயசில அங்கதான் கூட்டிக்கொண்டு போனனான், ஒரு வாங்கில (பெஞ்சில) இருந்துகொண்டு ஒண்டரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்காமல் பாத்துக்கொண்டே இருந்தவ.

அப்பான்ர மருந்துச் சீட்டைக் கொண்டு வாங்கோ, மருந்தின்ர கம்பனிப் பேர் மட்டும் எழுதினால் இஞ்ச விளங்காது, மூலப் பேரையும் டொக்டரிட்ட எழுதி வாங்குங்கோ. மாத்திரையைக் கைப்பையிலதான் வைக்க வேணும், சூட்கேஸில போடாதேங்கோ.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன். சூரிச் அண்ணா, உங்க அம்மா பத்தி நீங்க எழுதினத அப்பாவுக்கு படிச்சு காட்டினேன். அந்த ரயில் பத்தி அவருக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு, 1871-ங்கற வருஷத்த நான் சொல்றதுக்கு முன்னாடி அவரே சொன்னாரு.

நேத்து மூணு கம்பெனிக்கு நேரா போன் பண்ணேன். கிளெய்ம்டெஸ்க் அண்ணா சொன்ன மாதிரி, ஸ்டென்ட் வச்சவருக்கு உயிருக்கு ஆபத்துன்னா எத்தனை டாலர் வரைக்கும் குடுப்பீங்க, சப் லிமிட் உண்டான்னு ரெண்டே கேள்விதான் கேட்டேன். ஒரு கம்பெனியில பேசின பொண்ணுக்கே தெரியல, திரும்ப கூப்பிடறேன்னு சொன்னாங்க, இன்னும் கூப்பிடல. ஒண்ணுல முன்னாடியே இருக்கற நோய்க்கு அறவே கிடையாதுன்னுட்டாங்க. மூணாவதுல உயிருக்கு ஆபத்துன்னா 10,000 டாலர் வரைக்கும் உண்டு, சப் லிமிட் இல்லாத ப்ளான் இருக்கு, அப்பாவுக்கு மட்டும் 3,900 ரூபா, அஞ்சு பேருக்கும் சேத்து 9,400 ஆகுதுன்னாங்க. வாயில சொன்னா பத்தாதுங்க, மெயில்ல அனுப்புங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்.

இன்னும் மூணு சந்தேகம் இருக்குங்க. துபாய் 2 நாளுக்கு இந்த ஷெங்கன் ப்ளானே போதுமா? விசா கிடைக்கலைன்னா கட்டின காசு போயிருமா? பெட்டி வரலைன்னா இன்சூரன்ஸ கேக்கறதா, ஏர்லைன்ஸ கேக்கறதா?

கிளெய்ம்டெஸ்க்:

மெயில்ல வாங்கினது ரொம்ப நல்ல காரியம், அந்த மெயில அழிச்சுடாதீங்க.

துபாய் ஷெங்கன் கிடையாது. ஷெங்கன் மட்டும்னு போட்ட ப்ளான் எடுத்தா அந்த ரெண்டு நாள் நீங்க வெறுங்கையோட நிக்கற மாதிரி. அமெரிக்கா, கனடா தவிர உலகம் முழுக்கன்னு ஒரு ப்ளான் இருக்கும், அத எடுங்க, விசாவுக்கு அதுவும் செல்லும், லெட்டர்ல ஷெங்கன் நாடுகளும் அடக்கம்னு ஒரு வரி இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. வித்தியாசம் பெருசா இருக்காது. தேதியை ஈரோட்ல கிளம்பற நாள்ல இருந்து வீடு வந்து சேர்ற நாள் வரைக்கும் போடுங்க, ஃப்ளைட் ஒரு நாள் தள்ளிப்போனாலும் தாங்கற மாதிரி பின்னாடி ரெண்டு நாள் சேத்து போடுங்க.

விசா மறுத்துட்டா நிறைய கம்பெனியில மறுத்த லெட்டர காட்டினா பணத்த திருப்பி குடுப்பாங்க, சின்னதா ஒரு தொகை பிடிச்சுக்குவாங்க. ஆனா பாலிசி தொடங்கற தேதிக்கு முன்னாடியே எழுதி கேட்டாகணும்.

பெட்டி விஷயத்துல ரெண்டு பேர்கிட்டயும் கேக்கலாம், ஆனா ஆரம்பம் ஏர்லைன்ஸ்தான். பெட்டி வரலைன்னா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்கற லக்கேஜ் கவுன்டர்ல பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் போட்டு நம்பர் வாங்கணும். அந்த பேப்பர் இல்லாம நாங்க ஃபைலையே திறக்க மாட்டோம். மான்ட்ரியல் ஒப்பந்தம்னு விமானப் பயணத்துக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, அதுப்படி ஏர்லைன்ஸ் ஒரு ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்போட பண அலகு) வரைக்கும் பொறுப்பு, 2024 டிசம்பர் கடைசில இருந்துதான் இந்த கணக்கு. பெட்டி உடைஞ்சிருந்தா 7 நாளுக்குள்ள எழுதி குடுக்கணும், லேட்டா வந்தா வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள. இன்சூரன்ஸ்ல லேட்டுக்கு குடுக்கறது பெரும்பாலும் 12 மணி நேரம் தாண்டினாத்தான், அதுவும் அவசரத்துக்கு வாங்கின துணிமணிக்கு ரசீது இருந்தா. நகைக்கும் ரொக்கத்துக்கும் பெரும்பாலும் பணம் கிடைக்காது, பெட்டில வைக்கவே வைக்காதீங்க.

ஒருவேளை நியாயமான கிளெய்ம மறுத்தா சும்மா விட்டுடாதீங்க. முதல்ல கம்பெனிக்கு எழுதுங்க, ஒரு மாசத்துக்குள்ள சரியான பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், சென்னையில ஆபீஸ் இருக்கு, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்ல, 50 லட்சம் வரைக்கும் உள்ள வழக்க அவங்க பாப்பாங்க. ஃபார்ம உண்மையா எழுதினவங்களுக்கு அங்க நின்னு பேசறதுக்கு பலம் இருக்கும். ஆங், ஈரோட்ல இருந்து சென்னைக்கு ரயில்ல வர்றீங்கன்னா ஆன்லைன்ல டிக்கெட் போடும்போது 45 பைசா இன்சூரன்ஸ்னு ஒரு கட்டம் வரும், அதையும் டிக் பண்ணுங்க, நாமினி பேர போட சொல்லி வர்ற லிங்க்ல மறக்காம போடுங்க, நிறைய பேர் அத அப்படியே விட்டுடறாங்க.

ஊர்சுத்தி:

நான் முதல்ல சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன் ப்ரோ. எனக்கு 29 வயசு, ஒரு நோயும் இல்ல, அதனால எனக்கு ஓடினது உங்க அப்பாவுக்கு ஓடாது, அத யோசிக்காம எழுதிட்டேன். என் அம்மாவுக்கும் சுகர் இருக்கு, அடுத்த தடவை அவங்கள கூட்டிட்டு போகும்போது இந்த பக்கத்ததான் திறந்து பாக்கப் போறேன்.

தஞ்சை_அகிலா:

காவிரிக்கரை சகோ, இன்னொண்ணு விட்டுப்போச்சு. அங்க ஆஸ்பத்திரியில சேக்கற நிலைமை வந்தா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பாலிசில இருக்கற அவசர நம்பருக்கு ஒருத்தர் போன் பண்ணிடுங்க, அவங்க நேரா ஆஸ்பத்திரிகிட்ட பேசினாத்தான் கேஷ்லெஸ் ஆகும். நீங்க அப்பாகூட இருக்கணும், அதனால போன் பண்ற வேலைய உங்க வீட்ல இருக்கறவங்களுக்கு இப்பவே சொல்லி வைங்க. ஆளுக்கு ஒரு வேலைன்னு முன்னாடியே பிரிச்சு வச்சிருந்தா நாங்க அன்னைக்கு அவ்ளோ தவிச்சிருக்க மாட்டோம்.

காவிரிக்கரை:

பாலிசி போட்டாச்சுங்க. அமெரிக்கா, கனடா தவிர உலகம் முழுக்கங்கற ப்ளான், ரெண்டு நாள் சேத்து 15 நாளுக்கு, மொத்தம் 10,150 ரூபா ஆச்சு. ஸ்டென்ட், பிபி, சுகர் மூணையும் எழுதிட்டோம். ஃபார்ம்ல எழுதறப்ப அப்பாவே பக்கத்துல உக்காந்து, எந்த மாசம் வச்சாங்க, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம்னு பழைய ஃபைல எடுத்து வச்சு சொல்ல சொல்ல நான் எழுதினேன்.

டாக்டரையும் பாத்தோம். பயணத்துக்கு லெட்டர் குடுத்துட்டாரு, 3,454 மீட்டர் வேண்டாம்னுட்டாரு. அப்பா முகம் கொஞ்சம் வாடிருச்சு, ஆனா கார்ல வர்றப்பவே, ரீகில இருந்து பாத்தா எந்தெந்த சிகரம் தெரியும்னு பாப்பாவுக்கு பேர் பேரா சொல்லிக்கிட்டு வந்தாரு. யுங்பிராவ்யொக்குக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் போறோம், அன்னைக்கு அப்பா, அம்மா, பாப்பா மூணு பேரும் இன்டர்லாகன்லயே இருப்பாங்க.

அவசர நம்பர் வீட்டுக்காரம்மா பொறுப்பு. பாலிசி நம்பர், அந்த போன் நம்பர், 144, மூணையும் ஸ்கெட்ச்ல பெருசா எழுதி அஞ்சு துண்டு லேமினேட் பண்ணி வச்சிருக்கோம். அப்பாவோடத அவரோட சட்டை பாக்கெட்ல மாத்திரை டப்பா கூட வச்சு பாத்தாரு, டப்பாவும் அட்டையும் ஒண்ணா உள்ள போகல, அதனால அம்மா இப்ப பெரிய பாக்கெட் வச்சு ரெண்டு சட்டை தைக்க குடுத்திருக்காங்க.